மாடிப் பூச்சு கடைசியில்: மழைக்கு முன் ஒரு புளியந்தோப்பு வீடு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் விளங்கும். புளியந்தோப்பில் ஒரு சந்துக்குள் தாத்தா கட்டிய வீடு. பின்கட்டு பழைய மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட கூரை; முன்பக்கம் பிற்பாடு சேர்த்த கான்கிரீட் மாடி. கீழே நீங்கள், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். தெருவை மேலே மேலே போட்டு இப்போது வாசற்படி பள்ளத்தில் கிடக்கிறது. 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மொட்டைமாடி முழுக்க வாட்டர்புரூஃப் பூச்சு அடித்துவிடலாம் என்கிறார். அடிக்கலாமா, ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்தலாமா, இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

அடிக்கலாம். ஆனால் அது வரிசையில் கடைசி வேலை. வட சென்னையில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாடியில் பளபளவென்று வெள்ளைப் பூச்சும் கீழே கழிவறைக் கோப்பை வழியாகப் பொங்கும் சாக்கடையுமாக இருக்கும் வீடுகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். நம் பகுதியில் வீட்டைக் கெடுக்கிற தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. மேலிருந்து ஒழுகினால் பாத்திரம் வைத்துச் சமாளிக்கலாம். கீழிருந்து ஏறும் தண்ணீருக்கு எந்தப் பாத்திரத்தை வைப்பது?

ஊரின் அமைப்பே அப்படி. உங்கள் பக்கத்து வெள்ளம் வடிய வேண்டியது ஓட்டேரி நல்லா கால்வாயில். அது பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் படகு விடுவதற்காக வெட்டப்பட்டது. ஏறக்குறைய வாட்டமே இல்லாதது. கூவம் முகத்துவாரமும் எண்ணூர் முகத்துவாரமும் தண்ணீரை வாங்கிக்கொண்டால்தான் அது நகரும். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. மழை நின்ற பிறகும் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இதுதான். மழைநீர் வடிகாலை எத்தனை அகலமாகக் கட்டினாலும் அது போய்ச் சேரும் இடம் நிரம்பியிருந்தால் வேலை செய்யாது. ஆகவே ஒரு நாளாவது தெருவில் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொண்டே வீட்டைத் தயார் செய்யுங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, பட்டாளம், கொடுங்கையூர் ஆகிய பகுதிகளில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மிக்ஜாமின்போது தண்ணீர் முதலில் எங்கே தெரிந்தது? வாசலிலா, குளியலறையிலா? நான் கேட்ட வீடுகளில் பெரும்பாலும், வாசலில் ஏறும் முன்பே குளியலறை ஜாலியில் (தரையில் தண்ணீர் போகும் சல்லடை மூடியில்) குமிழி விட்டது, கோப்பைக்குள் நீர்மட்டம் ஏறி இறங்கியது என்றுதான் சொல்வார்கள். தெருவின் பாதாளச் சாக்கடை நிரம்பிவிட்டால் அதிலுள்ள தண்ணீர் வழி தேடும். தெருவைவிடத் தாழ்ந்த தரைத்தளக் கழிவறை அதற்கு மிகச் சுலபமான வழி. வாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் இருப்பவர் பின்பக்கம் திரும்பிப் பார்க்கும்போது கூடம் நனைந்திருக்கும்.

இதற்குத் தீர்வு உங்கள் வளாகத்துக்குள் இருக்கும் கடைசிக் கழிவுநீர்த் தொட்டியில் இருக்கிறது. வீட்டின் எல்லாக் குழாய்களும் அதில் வந்து சேர்ந்து, அங்கிருந்து ஒற்றைக் குழாயாகத் தெரு மேன்ஹோலுக்குப் போகும். அந்தக் குழாயின் வாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்த வேண்டும். பிவிசியில் கிடைக்கிறது, உள்ளே ஒரு கதவு தொங்கும். வெளியே போகும் நீருக்குத் திறக்கும், திரும்பி வரும் நீருக்கு மூடிக்கொள்ளும். ஒரு நல்ல பிளம்பருக்கு ஒரு நாள் வேலை. தொட்டி சிறிதாக இருந்தால் இடித்துக் கட்ட இன்னொரு நாள். ஒரு லட்சத்தில் இதுதான் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் வேலை.

ஆனால் பொருத்திவிட்டு மறந்தால் பலனில்லை. அந்தக் கதவின் விளிம்பில் ஒரு முடிக்கற்றையோ தேங்காய் நாரோ சிக்கினாலும் அது முழுதாக மூடாது. புரட்டாசியில் ஒரு முறை, தீபாவளிக்கு முன் ஒரு முறை மூடியைத் தூக்கி, குச்சியால் கதவை அசைத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் போனதும் கதவு தானாகத் தொங்கி உட்கார வேண்டும். மேலிருந்தபடியே செய்ய வேண்டிய வேலை இது. இந்தக் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்; கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குவது குற்றமும்கூட. வெளியே இருக்கும் மேன்ஹோல் அடைத்திருந்தால் அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஐப்பசியில் புகார் கொடுத்தால் உங்களுக்கு முன்னால் தெருவே வரிசையில் நிற்கும், ஆவணியிலேயே கொடுங்கள்.

இப்போது பலரும் யோசிக்காத இடத்துக்கு வருகிறேன். வால்வு மூடிக்கொண்டால் வெளித் தண்ணீர் உள்ளே வராது, சரி. உள் தண்ணீரும் வெளியே போகாதல்லவா? மேலே குடியிருப்பவர்கள் ஃபிளஷ் செய்தால், துணி துவைத்தால், அது இறங்கி வந்து மூடிய கதவில் முட்டி, உங்கள் தரைத்தளக் கோப்பை வழியாக எழும்பும். தெருச் சாக்கடைக்குத் தப்பித்து மாடிவீட்டுச் சாக்கடையில் மாட்டிக்கொண்ட கதையாகிவிடும். ஆகவே வால்வு போட்ட அன்றே மாடிக் குடும்பத்தாரிடம் பேசிவிடுங்கள். தெருவில் தண்ணீர் ஏறிய பிறகு கழிவறையிலும் குளியலறையிலும் தண்ணீர் ஊற்றுவதைக் கட்டுப்படுத்த வேண்டும். வாளியால் அளந்து, மிக அவசியத்துக்கு மட்டும். நல்ல நாளில் சொன்னால் கேட்பார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினால் சண்டைதான் மிஞ்சும்.

மாடிவீட்டாரைவிடப் பெரிய குற்றவாளி ஒன்று உண்டு: உங்கள் சொந்த மொட்டைமாடி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மாடி மழைநீர்க் குழாயைப் பாதிப்பேர் கழிவுநீர்த் தொட்டியில் கொண்டுவந்து இறக்கியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 740 லிட்டர். மிக்ஜாமின்போது, டிசம்பர் 3, 4 தேதிகளில், நகரின் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படியென்றால் உங்கள் மாடியில் மட்டும் 30,000 லிட்டர். குடிநீர் வாரியத்தின் 6,000 லிட்டர் லாரி ஐந்து. அந்த ஐந்து லாரித் தண்ணீரும் மூடிய வால்வின் உள்பக்கம் இறங்கினால் எங்கே போகும்? உங்கள் கூடத்துக்குத்தான். வால்வு போடும் அதே நாளில் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பிரித்துவிடுங்கள். ஒரு பகுதியை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பலாம்; 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட குழி அது. பல வீடுகளில் இன்று அதன் மேல் பூந்தொட்டி இருக்கிறது. மணலையும் ஜல்லியையும் எடுத்து அலசிப் போடுங்கள். ஆனால் அதையே நம்பாதீர்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் கடற்கரை மணல், குழி குடித்துக்கொண்டே இருக்கும். உட்புறப் பகுதிகளின் களிமண்ணில் இரண்டு நாள் மழைக்குப் பின் குழி நிரம்பிவிடும். அதனால் குழிக்கு மேலே ஒரு வழிந்தோடும் குழாய் வைத்து, அதைத் தெரு மட்டத்துக்கு மேலேயே வெளியே விடுங்கள். மாடியின் உயரமே அந்தத் தண்ணீரைத் தள்ளிவிடும், மோட்டார் தேவையில்லை.

வால்வு போட நேரமோ பணமோ இல்லாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு: தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கட்டி, கோப்பையின் வாயில் அழுத்தி உட்கார வையுங்கள். குளியலறை ஜாலியைக் கழற்றித் துணிச்சுருளைத் திணித்து, அதன் மேல் பாரம் வையுங்கள். நேர்த்தியான வேலை இல்லைதான். ஓர் இரவைக் கடத்திவிடும்.

அடுத்தது வாசல். படியின் மேல் ஒரு வரிச் செங்கல் வைத்து உயர்த்திப் பூசுவது எல்லாரும் செய்வது; அதற்கு மேல் உயர்த்தினால் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள். கதவு நிலையின் இருபுறமும் அலுமினியச் சட்டம் அடித்து, தேவையான அன்று மட்டும் ரப்பர் ஒட்டிய பலகையைச் செருகிக்கொள்ளும் ஏற்பாடு நல்லது. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாம். ஆனால் எவ்வளவு உயரத்துக்குத் தடுப்பது என்பதில் ஓர் எல்லை உண்டு. வெளியே இரண்டடிக்கு மேல் தண்ணீர் நின்று உள்ளே காய்ந்திருந்தால், அந்த அழுத்தம் முழுவதையும் உங்கள் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் தாங்குகிறது. அது கூரையைத் தாங்கக் கட்டியது, குளத்தைத் தடுக்கக் கட்டியதல்ல. அந்த அளவைத் தாண்டினால் தடுப்பை எடுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடுங்கள். தரை நனைந்தால் கழுவிக்கொள்ளலாம்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மெயின் பெட்டி மிக்ஜாம் தடத்துக்கு இரண்டடியாவது மேலே இருக்க வேண்டும். சுவரில் அந்தக் கோடு இன்னும் தெரியும், அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தள பிளக்குகள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே இருக்கும். அவற்றை மேலே ஏற்றுங்கள். முடியாவிட்டால் தரைத்தளத்துக்குத் தனி சர்க்யூட் பிரித்து, மாடியின் விளக்கு எரியும்போதே கீழே மட்டும் அணைக்கும்படி செய்யுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணைக்கும் சுவிட்ச்) ஒன்றை அவசியம் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பட்டென்று விழாவிட்டால் அது சுவரில் மாட்டிய வெறும் பொம்மை. எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்துக் கையோடு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் தரையில் இருந்தால் மேசைக்கு மாற்றுங்கள். தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நாம் நிம்மதியாக இருப்போம், இன்வெர்ட்டர் வீட்டுக்குள் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். தெருமுனைப் பில்லர் பாக்ஸ், அதாவது மின்வாரியத்தின் இணைப்புப் பெட்டி, தண்ணீரில் நின்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

குடிநீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; வெள்ளம் வடிந்த பின் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பெரும்பாலும் அதுதான். உங்கள் சம்ப்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின்) வாய் தரைமட்டத்தில்தான் இருக்கும். அதைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி உள்ளும் புறமும் பூசி, மேலே இறுக்கமான மூடி போடுங்கள். மழைக்கு முன் சம்ப்பைக் காலியாக விடாதீர்கள், நிரப்பி வையுங்கள். காலியான சம்ப்புக்குள் சுற்றியுள்ள மண்ணின் நீர் விரிசல் வழியே கசிந்து வரும். நிரம்பியிருந்தால் உள் அழுத்தம் அதை எதிர்த்து நிற்கும். புதைத்து வைத்த பிளாஸ்டிக் தொட்டி என்றால் இன்னும் மோசம்: காலியாக இருந்தால் நனைந்த மண் அதை மேலே தள்ளிக் குழாய்களைப் பிய்த்துவிடும். இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது: மெட்ரோ தண்ணீரின் (குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீரின்) அழுத்தம் போதாமல் குழி தோண்டி, அதற்குள் அடிபம்பை இறக்கி வைத்திருப்போம். வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அந்தக் குழிதான். குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் பம்பின் இடுக்கு வழியாக அழுக்குத் தண்ணீர் இணைப்புக்குள் போய்விடும். மழை எச்சரிக்கை வந்ததும் தேவையானதைப் பிடித்துக்கொண்டு, இணைப்பு வால்வை மூடிவிடுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு முதலில் வருவதைத் தெளிவாகும்வரை கொட்டிவிட்டு, அதன் பின்னும் காய்ச்சியே குடியுங்கள்.

இப்போது உங்கள் ஒப்பந்தக்காரரின் மாடிக்கு ஏறலாம். கான்கிரீட் பகுதியையும் மெட்ராஸ் டெரஸ் பகுதியையும் ஒரே பூச்சால் மூடலாம் என்று அவர் சொல்லியிருந்தால், அவருக்கு இரண்டாவதைப் பற்றித் தெரியாது என்று பொருள்.

கான்கிரீட் பகுதி எளிது. முதலில் வாட்டம் சரியா என்று பாருங்கள்: பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது குழாய் வாயை நோக்கிச் சரிய வேண்டும். ஒரு குடம் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றுங்கள். அது எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கேதான் கீழே ஓதம் தெரியும். தட்டோடுகளின் இடுக்குகளில் பழைய சாந்து பொடிந்திருந்தால் உளியால் கிளறி எடுத்து, நீர்த்தடைக் கலவை சேர்த்த சாந்தால் நிரப்புங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முக்கியம். கசிவுகளில் பெரும்பங்கு தளத்தின் நடுவில் இல்லை, அந்த மூலையில்தான். அங்கே சாய்வாகப் பூசுங்கள். குழாய் வாயில் வட்டக் கூண்டு போன்ற கம்பி வலை வையுங்கள். தட்டையான வலை ஒரே ஒரு வேப்பிலைக் கொத்தில் அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் தண்டை ஒடித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், வேர் செங்கல்லுக்குள் போயிருக்கும். பூச்சைக் கொத்தி வேரோடு எடுத்து மூடுங்கள். இவ்வளவும் செய்தாலே பெரும்பாலான ஒழுகல் நின்றுவிடும். பிறகு பணம் மிஞ்சினால் பூச்சு.

மெட்ராஸ் டெரஸ் வேறு சாதி. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையைக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம் அது. சுண்ணாம்பு நனையும், வெயிலில் மறுபடி உலரும். அப்படித்தான் தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. அதன் மேல் சிமென்டையோ ரப்பர் போன்ற பூச்சையோ போட்டு முழுக்க அடைத்துவிட்டால், பக்கவாட்டில் புகுந்த ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே இறங்கி உத்தரத்தின் முனைகளில் தங்கும். முனை என்றால் சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, கண்ணுக்குத் தெரியாது. ஏணி போட்டு ஏறி, உத்தரம் சுவரைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையைத் தடுத்து நிறுத்தும். மக்கிய மரம் நனைந்த ரொட்டிபோல உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒன்றிரண்டு அப்படி இருந்தால் உங்கள் ஒரு லட்சத்தின் முதல் செலவே அதுதான், வால்வுகூட அப்புறம். சுவரோரம் இரும்புத் தாங்கி கொடுத்து உத்தரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தத் தளத்தில் தண்ணீரைக் கட்டி நிறுத்திச் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இரண்டு அங்குலத் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ. குழாயால் பகுதி பகுதியாக நனைத்துக் கீழே ஆள் நின்று பார்த்தால் போதும். பழுதை அதே சுண்ணாம்புச் சாந்தால் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருக்கிறார்கள். கூலி கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள்.

கான்கிரீட் கூரையின் அடிப்பக்கம் காரை உப்பிப் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா என்பதையும் பாருங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று கம்பியைச் சீக்கிரம் தின்னும். துருவேறிய கம்பி பருத்துக் காரையைத் தள்ளும். மேலே பட்டி பார்த்து வெள்ளையடித்து மறைப்பது தற்கொலை. விரிசலை மதிப்பவர்கள் பிழைப்பார்கள்: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட (பழைய குடிசைமாற்று) வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பொருள் எல்லாம் போயிற்று.

காற்றுக்கு: வடகிழக்குப் பருவத்தில் சாரல் அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். பணம் குறைவென்றால் வெளிப்பூச்சை அந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் செய்யுங்கள்; மற்ற இரண்டு காத்திருக்கும். சன்ஷேடும் சுவரும் சேரும் மேல்விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கும், அதை அடையுங்கள். மாடியில் ஷீட் கொட்டகை இருந்தால் ஒவ்வொரு போல்ட்டையும் திருகிப் பாருங்கள், வாஷர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்தபோது நடுவில் காற்று ஓய்ந்தது; முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்களை மறுபக்கக் காற்று பிடித்துக்கொண்டது. ஒரு திசைக்கு மட்டும் கட்டிய கயிறு மறு திசைக்கு உதவாது. மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கட்டும், காலித் தொட்டி பறக்கும்.

எப்போது என்றால், ஆடி, ஆவணியில் தொட்டி வேலையும் மரவேலையும். அந்த மாதங்களில் சாயங்காலம் வரும் இடிமழை இலவசமாகக் கிடைக்கும் சோதனை. விளக்கைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பாருங்கள், ஒழுகும் இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். புரட்டாசி வெயிலில் சாந்து வேலையும் பூச்சும். ஈரச் சுவரில் அடித்த பூச்சு தோலாக உரியும் என்பதால் இரண்டு நாள் முழு வெயில் காய்ந்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் ஒப்பந்தக்காரர் வரவில்லை என்றால் அந்தப் பூச்சைப் பங்குனிக்குத் தள்ளிவிடுங்கள்.

எச்சரிக்கை வந்த பிறகு செய்வது அதிகமில்லை. கேஸ் சிலிண்டர் மிதக்கும், ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டு மேடையில் ஏற்றுங்கள். ஃப்ரிட்ஜை உயரமான மேடையில் வையுங்கள். பத்திரம், ஆதார், ரேஷன் அட்டை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் மாடிவீட்டில் இருக்கட்டும். மிக்ஜாமுக்குப் பின் அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. அட்டை நனைந்து கூழானவர்கள் அலைந்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பத்து நாளுக்கு. மாநகராட்சிக்கு 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இந்த இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள், சார்ஜ் தீர்ந்த போனில் இருக்கும் எண் உதவாது.

தண்ணீர் வடிந்ததும் சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்துத் தள்ளுங்கள். காய்ந்துவிட்டால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். வெறுங்காலோடு இறங்காதீர்கள். காலில் புண் இருப்பவர்கள் தண்ணீருக்குள் போகவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். அடுத்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள். எண்ணூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 2023-ல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. அப்படிப்பட்ட தரையில் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், படலம் பரவும்; மரத்தூளோ மணலோ தூவி உறிஞ்ச வைத்து அள்ளிய பிறகு சோப்பு.

சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். நனைந்த மோட்டாரை உடனே போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்; வைண்டிங் கருகிவிடும். பட்டறையில் உலர்த்தி, மின்காப்பை (இன்சுலேஷனை) சோதித்த பிறகு போடுங்கள்.

சுவர்தான் கடைசியாகக் காயும். பொங்கலுக்கு வெள்ளையடித்தே ஆக வேண்டும் என்று நிற்பார்கள்; முழங்காலளவு குடித்த சுவர் மார்கழிப் பனியில் காயவே காயாது. பொங்கலுக்கு வாசலை மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். உள்ளே, தண்ணீர்க் கோட்டுக்கு ஓரடி மேல்வரை உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கலைத் திறந்து வையுங்கள். வெள்ளை உப்பு பூத்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துக் கூட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பங்குனியில் சுண்ணாம்புச் சாந்தில் பூசுங்கள், சிமென்டில் வேண்டாம்.

கடைசியாக, ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி உயர்த்தித் தருகிறோம் என்று வருகிறவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் பல வீடுகளுக்குச் செய்கிறார்கள், நன்றாகவே நிற்கின்றன. தனியாக நிற்கும், சுவர்களுக்கு அடியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் (கம்பி போட்ட உத்தரம்) உள்ள வீட்டுக்குச் சரி. உங்களுடையது பாதி சுண்ணாம்பு, பாதி கான்கிரீட். இரண்டும் ஒரே அளவில் எழும்பாது, சேரும் இடத்தில் பிளக்கும். உங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்கும். பின்கட்டுச் சுவர் உங்களுக்கு மட்டும் உரியதா, பக்கத்து வீட்டோடு பொதுவா என்று பத்திரத்தில் பாருங்கள். பொதுவென்று இருந்தால் அந்த ஜாக்கிக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.